எத்தனை ஓம், தம்பி?

சிகரெட் குடிப்பவர் வந்தால் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்பது வைத்தியர்களின் பழைய பழக்கம். வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியராக இருக்கிற எனக்கு இப்போது இன்னொரு கேள்வியும் தானாக வாயில் வருகிறது. வேப் என்கிற மின்சிகரெட்டை இழுக்கிற பிள்ளைகளிடம் "எத்தனை ஓம்?" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரிவதில்லை. பழச் சுவையா, புதினாச் சுவையா என்பதெல்லாம் தெரிகிறது, கொயிலின், அதாவது பஞ்சில் ஊறின திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருளின், பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற அந்த எண்ணை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

கம்பஸில் படிக்கிற ஒரு பொடியனை அவனுடைய அக்கா ஒரு நாள் பின்னேரம் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று தடவை சத்தி எடுத்துவிட்டான், முகம் வெளுத்து, சட்டை முழுக்க வியர்வை, நாடித்துடிப்பு 120க்கு மேல். "மத்தியானம் கடையில் கொத்து சாப்பிட்டவன் டொக்டர், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அக்கா. அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோதுதான் காற்சட்டைப் பையிலிருந்து சாமானை எடுத்து மேசையில் வைத்தான். நண்பனிடம் வாங்கின, திரவம் ஊற்றுகிற பெரிய டாங்க் வைத்த வேப், அதற்குள் 0.2 ஓம் கொயில். அதில் தன்னுடைய பொட் என்கிற சின்ன வேப்பில் ஊற்றுகிற, நிக்கொட்டின் உப்பு வடிவில் இருக்கிற 50 மில்லிகிராம் நிக்கொட்டின் சோல்ட் திரவத்தையே ஊற்றியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "எண் சின்னதாக இருந்தால் மைல்ட் என்று நினைத்தேன், டொக்டர்."

அந்தப் பதில் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. ஏனென்றால் உண்மை நேர்மாறு. ஓம் குறையக் குறைய வீரியம் ஏறும்.

ஓ/எல் விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்த ஓமின் விதிதான் இது, ஓம் என்பது மின்தடையின் அலகு, மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். முழுதாகச் சார்ஜ் ஏறின லித்தியம் பற்றரியின் அழுத்தம் 4.2 வோல்ட். அதை 1.2 ஓம் கொயிலில் நேரடியாகக் கொடுத்தால் ஓடுவது 3.5 அம்பியர், கிடைக்கிற வலு ஏறக்குறைய 15 வாட். அதே பற்றரியை 0.2 ஓம் கொயிலில் கொடுத்துப் பாருங்கள், 21 அம்பியர், 88 வாட். ஒரே பற்றரி, ஆறு மடங்கு சூட்டு வலு. பெரிய கொயில் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு ஒரே இழுவையில் பல மடங்கு திரவத்தை ஆவியாக்கும். ஆவி பல மடங்கானால் அதோடு நெஞ்சுக்குள் போகிற நிக்கொட்டினும் பல மடங்குதான். அந்தப் பொடியனுக்கு நடந்தது அதுதான். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம் நிக்கொட்டின், அவன் கையில் இருந்த திரவத்திலோ ஒவ்வொரு மில்லிலீட்டரிலும் 50. ஐரோப்பிய ஒன்றியத்தில் 20க்கு மேல் விற்கவே விடமாட்டார்கள். நல்லவேளையாக, இரத்தத்தில் ஏறின நிக்கொட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாக இறங்கிவிடும். படுக்க வைத்து, நாடியையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருந்து, இரவு ஒன்பது மணிபோல அக்காவோடு அனுப்பினேன்.

கடையில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். 1 ஓமுக்கு மேற்பட்ட கொயில்கள் சிகரெட்டைப் போல வாயில் இழுத்து வைத்துப் பிறகு உள்ளே விடுகிறவர்களுக்கானவை, வாட் குறைவு, புகை குறைவு, சோல்ட் திரவம் இவற்றுக்கென்றே செய்யப்பட்டது. 1 ஓமுக்குக் கீழே போனால் நேராக நெஞ்சுக்குள் இழுக்கிற முறை, அதில் ஊற்றுவது 3 அல்லது 6 மில்லிகிராம் திரவம். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் நஞ்சேறும். மறுபக்கம் 3 மில்லிகிராம் திரவத்தைச் சின்னப் பொட்டில் ஊற்றினவர் ஆசை அடங்காமல் நாள் முழுக்க அதையே வாயில் வைத்துக்கொண்டு திரிவார். அதோடு, நூற்றுக்கு 70 பங்கு கிளிசரின் சேர்ந்த கெட்டித் திரவம் சின்னக் கொயிலின் நுண்ணிய துளைகளால் வேகமாக ஊறாது. பஞ்சு காய்ந்துபோய்க் கம்பி சும்மா எரியும்.

காய்ந்த பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான்.

இருமல் மாதக்கணக்காக விடாத ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, முட்டு வருத்தமும் முன்னர் இருந்ததில்லை. சாமானைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு தேயிலைச் சாயம்போலக் கறுத்து, கம்பியைச் சுற்றிப் பாணியாக இறுகிப்போய், நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. இனிப்புச் சுவைக்காகச் சேர்க்கிற பொருள் கருகிப் படிந்த படை அது. "இரண்டு மாதமாக இதே கொயில்தான் டொக்டர். ருசி மாறினது தெரிந்தது, புதுசு விலை என்று விட்டுவிட்டேன்" என்றார். பஞ்சு நனைந்திருக்கிறவரை திரவம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது காய்ந்தாலோ, கொயிலுக்கு எழுதியிருப்பதைவிட வாட்டைக் கூட்டினாலோ சூடு எங்கேயோ ஏறிவிடும், அப்போது திரவத்தில் உள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் உடைந்து ஃபோர்மல்டிஹைட், அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்கள் வரும். சவ அறைகளில் பிணம் கெடாமல் வைக்கிற மருந்தின் மூலப்பொருள்தான் அந்த முதலாவது. 2015இல் அமெரிக்காவில் ஒரே சாதனத்தை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் வைத்துச் சோதித்தார்கள். குறைந்த வோல்ட்டில் ஃபோர்மல்டிஹைட்டை வெளிவிடும் சேர்வைகள் பிடிபடவில்லை, கூடினதில் ஏராளமாகப் பிடிபட்டன. கருகல் வாசம் தாங்காமல் மனிதர் யாரும் அந்த அளவுக்கு இழுக்கமாட்டார்கள் என்று அதற்கு மறுப்பும் வந்தது. என் மேசையில் கிடந்த கொயிலைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காசு பார்க்கிற மனிதர் இழுப்பார்.

கம்பியும் சும்மா கிடப்பதில்லை. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி ஒரு வகை, நிக்கலும் குரோமியமும் கலந்தது இன்னொன்று. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினமும் வேப் பாவிக்கிற 56 பேரின் சாதனங்களை வாங்கிப் பார்த்தபோது, போத்தலில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் கொயிலில் பட்ட பிறகு பல மடங்கு கூடியிருந்தன. ஓம் குறைந்த கொயிலில் நிக்கொட்டினைக் குறைத்து ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிக்கொட்டின் குறையலாம், நுரையீரலுக்குள் போகிற ஆவியின் அளவு குறையாது.

பற்றரி விஷயம் சுருக்கமாக. சிலர் தடுப்புச் சுற்று எதுவும் இல்லாத வெறும் குழாய்ச் சாதனம் வாங்கி, கொயிலையும் தாங்களே சுற்றுகிறார்கள், செல்லுக்கோ பழைய லப்டொப் பற்றரியைப் பிரிக்கிறார்கள். அந்தச் செல்கள் பெரும்பாலும் 5, 6 அம்பியர் அளவுக்கே செய்யப்பட்டவை. அதில் 0.2 ஓம் போட்டால் 21 அம்பியரை இழுக்கப் பார்க்கும், செல் கொதித்து வெடிக்கும். மேலுறை கிழிந்த செல்லைத் திறப்போடும் சில்லறையோடும் ஒரே பையில் போடுவதும் அப்படித்தான். தொடையில் அப்படி எரிந்த புண் ஒன்றுக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன். ஆற மாதங்கள் எடுத்தது.

சரி, அப்படியென்றால் எந்த ஓம் நல்லம் என்று கேட்பீர்கள். சிகரெட்டே தொடாத ஒருவருக்குச் சரியான ஓம் என்று ஒன்று கிடையாது, அவருக்கு இந்தச் சாமானே வேண்டாம். எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, 2016 ஒழுங்குவிதிகளில் புகையிலை அடங்கிய மின்சிகரெட்டும் தடை. அப்படியிருந்தும் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளின் புத்தகப் பையில் இது கிடக்கிறது. இருபது வருடம் சிகரெட் குடித்தவர், வேறு வழிகளில் விட முயன்று முடியாமல், ஏற்கெனவே இதைக் கையில் எடுத்துவிட்டார் என்றால் அவருக்கு நான் சொல்வது வேறு. 1 ஓமுக்கு மேல் போங்கள், வாட்டைக் கொயிலில் எழுதியிருக்கிற எல்லையின் கீழ்ப் பக்கத்தில் வையுங்கள், புதுக் கொயிலில் திரவம் ஊற்றி ஒரு பத்து நிமிடம் ஊற விட்ட பிறகு இழுங்கள், கருகல் வாசம் ஒரு தடவை வந்தாலும் கொயிலை மாற்றுங்கள். சிகரெட்டையும் இதையும் சேர்த்துக் குடிக்காதீர்கள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் திரவத்தின் நிக்கொட்டினைக் குறைத்து, நிறுத்துகிற திகதியை என்னோடு இருந்து எழுதிவிட்டுப் போங்கள்.

புறக்கோட்டைக்காரர் இப்போது 1.2 ஓமில், 20இலிருந்து 6 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறார். இருமல் பாதி குறைந்திருக்கிறது.

இருமல், நெஞ்சு படபடப்பு, வயிற்றுப் பிரட்டல் என்று நீங்கள் எந்த வைத்தியரிடம் போனாலும் சாதனத்தையும் திரவப் போத்தலையும் கூடவே கொண்டு போங்கள். பழைய கொயிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பொலித்தீன் பையில் சுற்றி அதையும் எடுத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனை சொல்லாததை அந்தக் கறுத்த பஞ்சு எனக்குச் சொல்லியிருக்கிறது. என்னிடம் வருகிற பிள்ளை அம்மாவோடு வந்தால், அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன்.