கிரவுனில் கை வைக்குமுன் பைட்டைப் பாருங்கள்

"கிரவுன் ஹையாக இருக்கிறது" (பல்லின் மேல் போடும் உறை எதிர்ப்பல்லில் முன்கூட்டியே இடிக்கிறது) என்று பல் கிளினிக்கிலிருந்து இரண்டு முறை தகவல் வந்தால் போதும், அடுத்த கேஸிலிருந்து கடிக்கும் பரப்பை 0.2 மி.மீ. இறக்கியே டிசைன் செய்யும் பழக்கம் கிரவுன் செய்யும் பல லேப்களில் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தவறு பைட்டில், அதாவது மேல், கீழ்த் தாடைகள் ஒன்றோடொன்று கடித்து அமரும் நிலையின் பதிவில் இருந்தால், இறக்கிய கிரவுன் அடுத்த நோயாளிக்கு எதிர்ப்பல்லைத் தொடாமலே நிற்கும். கிரவுனின் பொருளான சிர்கோனியாவின் தடிமனும் வீணாகக் குறையும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரெப் செய்யாத, அதாவது கிரவுனுக்காகச் சீவாத பற்களைத்தான். எதிர்த்தாடைக்கு உள்ள தூரத்தை நிறங்களாகக் காட்டும் வசதியை மென்பொருளில் திறந்து, இரு பக்கக் கடைவாய்ப் பற்களையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சில பத்து மைக்ரான் அளவு ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் பதற வேண்டாம். தாடைகளைத் தனித்தனியே ஸ்கேன் செய்யும்போது பற்கள் அழுத்தமின்றி இருக்கின்றன. கடிக்கும்போதோ, பல்லை எலும்போடு பிணைக்கும் நார் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் வலப்பக்கம் 0.3 மி.மீ. புகுந்து, இடப்பக்கம் இடைவெளி தெரிந்தால் தாடை சாய்ந்து அமர்ந்திருக்கிறது. அதைக் கிரவுனைச் சீவிச் சரிசெய்ய முடியாது.

இதைவிட நம்பகமான சாட்சி தேய்மானத் தடங்கள். மேல் கோரைப்பல்லின் உட்புறத்தில் தட்டையாகத் தேய்ந்த ஓர் இடம் இருந்தால், அதற்கு இணையான தடம் கீழ்ப்பல்லில் இருக்கும். மாடலைப் பெரிதாக்கி, கீழ்த்தாடையைக் கடியிலிருந்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். எந்த நிலையிலும் இரண்டு தடங்களும் பொருந்தவில்லை என்றால், நிறவரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த பைட்டை நம்பக்கூடாது.

சாய்வுக்கு முதல் காரணம், பைட்டை ஒரே பக்கம் எடுப்பது. அங்கே ஏற்படும் சிறு பிழை, தாடையின் மறுமுனைக்குப் போகும்போது பெருகிவிடும். இரு பக்கமும், ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக நான்கு பற்களாவது ஈறோரத்தோடு தெரியும்படி எடுக்க வேண்டும். கன்னமும் உதடும் பதிந்திருந்தால் வெட்டி நீக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள். கையால் பொருத்த நேர்ந்தால் புள்ளிகளைப் பல்லின் முகட்டில் வையுங்கள், அசையும் ஈறில் வேண்டாம். கடைசிக் கடைவாய்ப் பல்லே பிரெப் ஆன கேஸ்களில் பின்னால் தாங்க எதுவும் இல்லாததால், மரத்துப்போன வாயோடு நோயாளி கொஞ்சம் கூடுதலாக மூடிவிடுவார். கிரவுனுக்காக விட்ட இடைவெளி மறைந்துவிடும். அங்கே பிரெப்புக்கு முன்பே எடுத்த ஸ்கேனும் பைட்டும்தான் காப்பாற்றும்.

ஸ்கேன் சரியாக இருந்தும் ஃபைலில் பைட் தொலைவதுண்டு. ஸ்கேனின் வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலில் "இது மேல்தாடை, இது இங்கே கடிக்கிறது" என்ற குறிப்பு எதுவும் கிடையாது. இரண்டு ஃபைல்களும் ஒரே ஆயத்தொலைவு அமைப்பில் (புள்ளிகளின் இடத்தைக் குறிக்கும் ஒரே அளவுச் சட்டகத்தில்) இருப்பதால் மட்டுமே கடி நிலைக்கிறது. அடித்தளம் அமைக்க மேல்தாடையை மட்டும் வேறொரு மென்பொருளில் திறந்தால், அது மாடலைத் தானாக நடுவுக்கு நகர்த்திச் சேமித்துவிடலாம். ஒரு தாடையைத் திருத்தினாலும் இரண்டையும் சேர்த்தே திறந்து, நகர்த்தாமல் சேமியுங்கள்.

எல்லா கிளினிக்குகளிலிருந்தும் ஒரே புகார் வந்தால் தேட வேண்டிய இடம் லேப்தான்: ஸ்கேனர் காலிபரேஷன், ஆர்ட்டிகுலேட்டர் (தாடை அசைவைப் போலச் செய்யும் கருவி) தகடு, பிரிண்டர். அண்ணக் குறுக்குச்சட்டம் இல்லாமல் லாட வடிவில் அச்சிட்ட மாடல் க்யூரிங்கில் (ஒளியால் இறுக்கும்போது) வளையக்கூடும். திரையில் இடைவெளி காட்டும் பல், அச்சிட்ட மாடலில் தொட்டால் பிழை அச்சில். பிளாஸ்டர் மாடல் என்றால் கடிக்கும் பரப்பில் உள்ள சிறு குமிழ் மணிகளைச் சுரண்டி எடுத்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள்.

பைட் தவறு என்று உறுதியானால், கிளினிக்கில் முழு ஸ்கேனையும் மறுபடி கேட்க வேண்டாம். தாடை ஸ்கேன்கள் நன்றாக இருந்தால் பைட் மட்டும் போதும், சில நிமிட வேலை. கூடவே ஒன்று கேளுங்கள்: ஷிம்ஸ்டாக் என்ற 8 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல்லில் தாள் பிடிக்கிறது, எதில் நழுவுகிறது என்று லேப் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். "16 பிடிக்கிறது, 26 பிடிக்கிறது, 14 நழுவுகிறது" (எண்கள் மேல்தாடைப் பற்களைக் குறிக்கும்: 16, 14 வலப்பக்கம், 26 இடப்பக்கம்) என்ற ஒரு வரி இருந்தால், திரையில் தெரியும் கடியை அந்த வாயோடு நேரடியாக ஒப்பிட்டுவிடலாம்.