கூலிப் புத்தகத்தில் இல்லாத பெயர்

கைத்தறிக் குடும்பங்களுக்குக் கூலிக் கணக்கு எழுதவும் துணிக்கு விலை வைக்கவும் கற்றுத்தருவது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூலிப் புத்தகத்தைத்தான் கேட்பேன். தறிக்கு ஒரு பெயர்தான் எழுதியிருக்கும். அநேகமாக அது கணவரின் பெயராக இருக்கும். ஆனால் 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது.

கூலி உருப்படிக்கு இவ்வளவு என்றே பேசப்படுவதால், நூலைப் பிரிப்பது, தார் சுற்றுவது (குறுக்கே ஓடும் நூலைச் சிறு குழலில் சுற்றுவது), பாவு பிணைப்பது (தறியில் நீளவாக்கில் ஏறும் நூலைப் பழைய நூலோடு இணைப்பது) எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் கரைந்துவிடுகின்றன. உடலும் கரையும் வேறு நிறத்தில் வரும் காஞ்சிபுரம் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள், அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கருவிகள், வேண்டும். தறியின் மறுபக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து கைகொடுத்தால்தான் கரை உடலோடு சேரும். அந்த இடத்தில் மனைவியோ மகளோ உட்காரும்போது அதைக் 'கூடமாட ஒத்தாசை' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்றாலும், ஒரே கூலி பிரிக்கப்படாமல் வீடு வந்து சேரும்போது எதை எதோடு ஒப்பிட்டு உரிமை கேட்பது?

ஒருமுறை, பாவு தறியேறிய நாள் முதல் துணி அறுக்கும் நாள் வரை தாம் செய்வதை நேரம் போட்டு எழுதும்படி ஒரு பெண்ணிடம் சொன்னேன். கூட்டிப் பார்த்தபோது, கணவர் தறியில் உட்கார்ந்த நேரத்துக்கு ஏறக்குறைய நிகராக அவருடைய நேரமும் வந்து நின்றது. அடுப்படி வேலையை அவர் எழுதவே இல்லை. கணவர் நோட்டை வாங்கி, ஒன்றும் பேசாமல், தாமே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

பெயர் இல்லாததன் வலி கணவர் இறந்த பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. இருபது ஆண்டுகள் நெய்த பெண்ணுக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவும் நெசவாளர் அடையாள அட்டையும் இல்லையென்றால், ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தாம் நெசவாளர் என்பதையே அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் ஆறுவதில்லை.

விலையும் உயராமல் கூலி உயராது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருந்தும், விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்பட்டு விலையைக் கீழே இழுக்கிறது. வாங்குபவர்கள் 2006இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம். மொத்தமாக எடுப்பவர்கள், துணி கைக்கு வந்ததும் பணத்தைத் தீர்த்துவிட்டால் நெசவாளர் அடுத்த பாவுக்கு முன்பணக் கடன் வாங்க நேராது.

சங்கங்களும், நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் மாஸ்டர் நெசவாளர்களும் உருப்படிக் கூலியைப் பாவு, தார், நெசவு எனப் பிரித்து, செய்தவர் பெயரிலேயே எழுதி, அவரவர் வங்கிக் கணக்கில் போட வேண்டும். பெண்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, வேலை, நேரம் என்று மூன்று பத்தி போட்டு, அடுத்த பாவு ஏறும் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.