லானில்டுட் கடற்பாசிக்கு எதற்கு இவ்வளவு அயோடின்?

பிரான்ஸின் மேற்குக் கோடியில், பிரிட்டனி கடற்கரையில் லானில்டுட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே அதிகமாகக் கடற்பாசி வந்து இறங்கும் துறைமுகம் இதுதான். கோடையில் படகுக்காரர்கள் இயந்திரக் கையில் மாட்டிய ஒரு கொக்கியைத் தண்ணீருக்குள் இறக்கிச் சுழற்றுவார்கள். முள்கரண்டியில் நூடுல்ஸ் சுற்றுவது போல நீளமான பாசி அதில் சுற்றிக்கொள்ளும், அப்படியே பாறையிலிருந்து பிடுங்கி மேலே இழுப்பார்கள். ஸ்கூபிடூ என்பது அந்தக் கொக்கியின் பெயர். குட்டிப் பாசிகள் பெரும்பாலும் அதில் சிக்காமல் நழுவிவிடும் என்பது நல்ல விஷயம்.

லாமினேரியா டிஜிடேட்டா என்ற இந்தப் பழுப்புப் பாசியை இன்று ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் அல்ஜினேட்டுக்காக அறுக்கிறார்கள். முன்பு இதே கரையில் பாசியைக் காயவைத்து, கல் பதித்த நீளமான குழிகளில் போட்டு எரித்தார்கள். புகை கண்ணைக் கரிக்க, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த கடினமான வேலை அது. 1811இல் பெர்னார் குர்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலம் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழும்பியது. அதுதான் அயோடின்! அப்புறம் இந்தச் சாம்பலுக்கு மவுசு கூடிவிட்டது, பிரிட்டனியில் அயோடின் ஆலைகளே வந்தன.

சரி, பாசிக்கு அது எதற்கு? ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்குதான் அயோடின் இருக்கும். அதிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி, காய்ந்த எடையில் சுமார் ஒரு சதவீதம் வரை இந்தப் பாசி சேர்த்துவிடுகிறது. பெரிய வற்றத்தின்போது கடல் உள்வாங்கினால் பாசி வெயிலிலும் காற்றிலும் வெளியே கிடக்கும். அப்போது அதன் திசுவில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருட்கள் பெருகும், காற்றிலிருக்கும் ஓசோனும் தாக்கும். இரண்டுமே செல்களை அரிக்கக்கூடியவை. செல்களுக்கு வெளியே, செல்சுவர்ப் பகுதியில் தேங்கியிருக்கும் அயோடைடு, அதாவது அயோடினின் அயனி வடிவம், முந்திக்கொண்டு அவற்றோடு வினைபுரிந்து விடுவதால் உள்ளே சேதம் குறைகிறது. இந்த வேலையைச் செய்ய உயிரினங்கள் பொதுவாகச் சிக்கலான மூலக்கூறுகளைத் தயாரிக்கும், இதுவோ வெறும் உப்பு அயனியை வைத்தே சமாளிக்கிறது. எனக்கு இதில் பெரிய ஆச்சரியமே அதுதான்.

ஓசோனோடு வினை முடிந்ததும் அயோடின் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. வெயிலில் அது உடைந்து ஆக்சைடுகளாகி, மிக நுண்ணிய துகள்களாகத் திரள்கிறது. நீராவி படிந்து மேகத் துளி உருவாக இத்தகைய துகள்கள்தான் வேண்டும்; அதனால் மேகத்தை ஆராய்பவர்களும் இப்போது கடல் வற்றும் நேரம் பார்த்துப் பிரிட்டனிக் கரையில் அளவெடுக்கிறார்கள்.