மூன்றாவது வாரத்தில் விரிசல் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

வாசகி ஒருவர் தன்னுடைய இரண்டு எக்ஸ்-ரே படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீளமான எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. அன்றைக்கு எடுத்த படத்தில் ஒரு மெல்லிய கோடுதான் இருந்தது. மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் அதே கோடு அகலமாகி, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. டாக்டரோ அதைப் பார்த்துவிட்டு, “நல்லா சேருது. பூட் போட்டுக்கிட்டு மெதுவா காலை ஊனலாம்” என்கிறார். வீட்டில் மாமியார், “மூணு மாசத்துக்குக் கால் தரையில படக் கூடாது. கட்டு சரியில்ல, வேற எடத்துல காட்டும்மா” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் சொல்வது சரி. மாமியாருக்கு வந்த பயமும் நியாயமானதுதான். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் கோடு அகலமானதற்குப் பின்னால் இருக்கும் காரணம், உடம்பு செய்கிற வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அதில் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து நீள எலும்புகளுக்கு மெட்டடார்சல் என்று பெயர். வாசகிக்கு முறிந்தது ஐந்தாவது. எலும்பு என்றால் கால்சியம் பாஸ்பேட்டும் கொலாஜன் என்ற புரதமும் சேர்ந்தது, அதற்குள் ரத்தக்குழாய்களும் உயிருள்ள செல்களும் இருக்கின்றன என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். முறிந்தவுடன் ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கட்டிக்கொள்ளும், வீங்கும், வெள்ளணுக்கள் வந்து சேரும். எலும்பைச் சுற்றியிருக்கும் உறையிலுள்ள மூலச் செல்கள் விழித்துக்கொள்ளும். முதல் வாரம் இப்படிப் போய்விடும்.

அப்புறம்தான் ஒரு பெரிய சிக்கல். இரண்டு முனைகளுக்கும் நடுவில் நேரடியாகப் புது எலும்பை உருவாக்க முடியாது, ஏனென்றால் முறிந்த முனைகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. மாவுக்கட்டு போட்டிருந்தாலும், தூக்கத்தில் திரும்பிப் படுத்தாலும், துளியளவு அசைவு இருக்கத்தான் செய்யும். எலும்போ தன் நீளத்தில் சுமார் 2 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் உடைந்துவிடும். குருத்தெலும்பு 10 சதவீதம் வரை தாங்கும். காயத்தில் முதலில் வளரும் மென்மையான திசு 100 சதவீதம், அதாவது தன்னைப் போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தாலும் அறுந்துபோகாது. எந்தத் திசுவும் தன்னை அறுத்துப்போடும் அளவுக்கு இழுபடும் இடத்தில் உருவாக முடியாது என்பதை 1970களில் தெளிவாக வகுத்துச் சொன்னவர், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஆய்வு செய்த ஸ்டீபன் பெர்ரன்.

இதை எண்களில் போட்டுப் பார்க்கலாம். முறிவின் இடைவெளி அரை மில்லிமீட்டர், அங்கே அசைவும் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் திசு 100 சதவீதம் இழுபடுகிறது. எலும்புக்கு அங்கே இடமே இல்லை. அசைவை முழுவதுமாக நிறுத்தவும் உடம்பால் முடியாது. அதனால் இடைவெளியை அது அகலப்படுத்துகிறது! ரத்த ஓட்டம் அறுந்துபோன முனைகளில் எலும்புச் செல்கள் எப்படியும் இறந்திருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் செல்கள் அந்த முனைகளில் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன. பிறகு நொதிகளால் கொலாஜனை வெட்டுகின்றன. பல் டாக்டர் சொத்தையை அடைப்பதற்கு முன்னால் குடைந்து சுத்தம் செய்வார் இல்லையா, அது போல. இப்போது இடைவெளி 2 மில்லிமீட்டர். அசைவு அதே அரை மில்லிமீட்டர்தான், ஆனால் இழுபடும் அளவு 25 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

இதே நேரத்தில் வெளிப்பக்கம் இன்னொரு வேலை நடக்கிறது. முறிவைச் சுற்றிப் புடைப்பாக ஒரு திரட்சி வளர்கிறது. இதைத்தான் கேலஸ் என்கிறார்கள். மெலிந்த ஆட்களுக்குப் பாதத்தின் மேல் விரலை வைத்தால் ஒரு சின்ன முண்டாகவே தட்டுப்படும். தொடக்கத்தில் இது மிருதுவான பொருள். ஆனால் ஒரு தண்டு வளையாமல் நிற்கும் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 16 மடங்காகும். ஒன்றரை மடங்காக்கினாலே 5 மடங்கு. கடினமான பொருள் கையில் இல்லாத நேரத்தில், மென்மையான பொருளையே தடிமனாகப் பூசி உடம்பு அசைவைக் கட்டுப்படுத்துகிறது.

அசைவு குறையக் குறைய இழுபடும் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே வருகிறது. உடனே குருத்தெலும்பு உருவாக முடிகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் தேவையில்லை என்பது இன்னொரு வசதி. முறிந்த இடத்தில் அப்போது ஆக்ஸிஜனும் குறைவுதானே. குருத்தெலும்பு வந்ததும் அந்த இடம் இன்னும் விறைக்கிறது, இழுபடும் அளவு 2 சதவீதத்தை நோக்கி இறங்குகிறது. அப்போது குருத்தெலும்புச் செல்கள் ஊதிப் பெருத்து, ரத்தக்குழாய்களை வரவழைக்கும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. குழாய்கள் வந்து சேர, எலும்பு உருவாகத் தொடங்குகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது நம் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் இருந்தன. பிறகு இதே வழியில் எலும்பாயின. ஐம்பது வயதில் படியில் வழுக்கினாலும் உடம்பு அந்தப் பழைய வழியை மறப்பதில்லை. தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழுகிறது. எலும்போ தழும்பு இல்லாமல் எலும்பாகவே ஆறுகிறது.

சரி, எக்ஸ்-ரேக்கு வருவோம். அதில் வெள்ளையாகத் தெரிவது கால்சியம் நிறைந்த பகுதி மட்டும்தான். முனைகள் கரைந்திருக்கின்றன, அந்த இடத்தை நிரப்பியிருக்கும் குருத்தெலும்பு படத்தில் தெரியாது. ஆகவே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், உள்ளே வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில்தான் கறுப்புக் கோடு அகலமாகத் தெரியும். அடுத்த சில வாரங்களில் கோட்டைச் சுற்றி மங்கலான மேகம் மாதிரி ஒரு வெண்மை படரும். அதுதான் கேலஸில் கால்சியம் ஏறுவதன் அடையாளம். வலி போன பிறகும் கோடு மாதக்கணக்கில் படத்தில் தங்கியிருப்பது பாத எலும்புகளில் சகஜம்.

காலை ஊன்றச் சொல்வது ஏன்? இங்கிலாந்தில் ஆலன் குட்ஷிப், ஜான் கென்ரைட் இருவரும் செம்மறியாடுகளின் முறிந்த கால் எலும்பை வைத்து ஒரு சோதனை செய்து 1985இல் வெளியிட்டார்கள். துளியும் அசையாமல் இறுக்கிப் பிடித்த கால்களைவிட, தினமும் சில நிமிடம் மட்டும் மிகச் சிறிய அசைவு கொடுத்த கால்கள் நன்றாகக் கூடின. கேலஸ் வளர வேண்டும் என்ற செய்தியே அந்த அசைவிலிருந்துதான் போகிறது. அதற்காக வெறுங்காலோடு நடந்தால் அசைவு எல்லை மீறும். குருத்தெலும்பு எலும்பாக மாற முடியாமல் அப்படியே நின்றுவிடும். கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட் இதற்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு, வலி அனுமதிக்கும் வரை, குதிகாலில் பாரம் கொடுத்து ஆரம்பிக்கலாம்.

காலைத் தொங்கப் போட்டதும் பாதம் கருநீலமாக மாறுகிறதே என்றும் அவர் கேட்டிருந்தார். கெண்டைக்கால் தசைதான் பாதத்து ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். வாரக்கணக்கில் அது சும்மா இருந்ததால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. நடக்க நடக்கச் சரியாகும். கட்டு போட்டிருக்கும்போதே விரல்கள் நீலமாகி, மரத்து, காலைத் தூக்கி வைத்தும் வலி ஏறிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, உடனே தளர்த்தியாக வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி: ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் எலும்பைக் கொதிக்க வைத்தால் கால்சியம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முட்டையும் பருப்பும் வேண்டும், கொலாஜன் கட்ட அமினோ அமிலம் தேவை. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்யும் பணத்தில் மாடிப்படிக்கு ஒரு விளக்கும் கைப்பிடியும் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பிரண்டையை மட்டும் நான் பரிகாரத்தோடு சேர்த்து ஒதுக்கிவிட மாட்டேன். 1960களிலேயே பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் உடன் பணியாற்றியவர்களும் விலங்குகளின் எலும்பு முறிவில் அதைச் சோதித்து, நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார்கள். நம் வேலியில் படர்கிற கொடி. எலும்பு முறிவு வார்டுகள் நம் அரசு மருத்துவமனைகளில் நிரம்பி வழிகின்றன. பல நூறு நோயாளிகளை வைத்து முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் எது? பழம்பெருமை பேசும் மாநாடுகளுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, வாசகிக்குச் சொன்னதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லிவர்பூலில் ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் நடனமாடும்போது தன்னுடைய ஐந்தாவது மெட்டடார்சலையே முறித்துக்கொண்டு, அதைப் பற்றி 1902இல் கட்டுரை எழுதினார். அவர் பெயரால் அழைக்கப்படும் முறிவு, எலும்பின் நடுவில் இல்லாமல் கணுக்கால் பக்கத்து அடிப்பகுதிக்கு அருகில் நிகழ்வது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ரத்தக்குழாய்கள் வந்து சேர நாளாகும். அப்படி முறிந்தவர்களைப் பல வாரம் காலை ஊன்றவே விடமாட்டார்கள். சிலருக்குத் திருகாணி வைத்து இறுக்குவார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் வலியை அளவுகோலாக வைத்து நடக்க முடியாது. டாக்டரிடம் போகும்போது, எலும்பில் எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.