வலுசர்ப்பமும் மரவண்டும்

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் ‘வலுசர்ப்பத்தோடு (டிராகனோடு) போரிடும் மிகாவேல்’ படத்தை அனுப்பி, “பேனாவால் இவ்வளவு நெருக்கமாகக் கோடு போட முடியுமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பேனா வேலை இல்லை அது. 1498-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் வெளிவந்த மரச்செதுக்கு அச்சு. விவிலியத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வானத்தில் மூளும் போர்தான் காட்சி. தேவதூதர் மிகாவேல் இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்து வலுசர்ப்பத்தின் தொண்டையில் இறக்குகிறார். கூட வந்த தூதர்கள் வாளும் வில்லுமாக நிற்கிறார்கள். கீழே ஓர் ஊர், தலைக்கு மேல் நடப்பது எதுவும் தெரியாமல் அமைதியாகக் கிடக்கிறது.

பேரிக்காய் மரம்போல இழை நெருக்கமான பலகையில் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, கறுப்பாக விழவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கத்தியாலும் உளியாலும் எடுத்துவிடுவார்கள். நம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதான். அந்த வானத்தை இருட்டாக்கும் ஒவ்வொரு கிடைக்கோடும் பலகையில் எழுந்து நிற்கும் ஒரு மெல்லிய மேடு. வரைபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர் என்பது அக்கால வழக்கம். புகழ் என்னவோ வரைந்தவருக்குத்தான்.

எனக்குப் பிடித்த கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இப்படி வெட்டிய நல்ல அச்சுக்கட்டையை யாரும் தூக்கி எறிவதில்லை. டியூரரே 1511-ல் இந்தப் படம் இடம்பெற்ற தொகுப்பை மறுபடி வெளியிட்டார். அவருடைய 1515-ஆம் ஆண்டுக் காண்டாமிருகப் படத்தின் கட்டையோ, அவர் இறந்து வெகுகாலம் கழித்தும் நெதர்லாந்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்தப் பிந்தைய அச்சுப் படிகளில் கட்டையின் விரிசல் தெரியும். கூடவே, கறுப்புக் கோடுகளுக்கு நடுவே குட்டிக் குட்டி வெள்ளை வட்டங்கள்.

கட்டை உளுத்துப்போனதன் அடையாளம் அவை. மரத்தைக் குடையும் வண்டு இனத்தில் பெண், மரத்தின் இடுக்கில் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளேயே குடைந்து தின்றுகொண்டு சில ஆண்டுகள் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூட்டுப்புழுவாகி, வண்டாகி, மேற்பரப்பைத் துளைத்து அது வெளியேறும்போதுதான் ஓட்டை விழும். ஆகவே ஓட்டையின் அகலம், வளர்ந்த வண்டின் உடம்பு அகலம். ஓட்டையில் மை ஒட்டாது. தாளில் அது வெள்ளை வட்டமாக விழும்.

ஓட்டை விழுந்த பலகையில் எந்தத் தச்சனும் மெனக்கெட்டு இத்தனை கோடு வெட்டமாட்டான். அப்படியென்றால் ஓட்டை, கட்டை வெட்டிய பிறகும் அந்தப் படி அச்சாவதற்கு முன்பும் விழுந்திருக்க வேண்டும். பல படிகளில் ஊரும் ஆண்டும் அச்சாகியிருக்கும். வண்டின் உடம்பு கிடைக்காவிட்டாலும், அது எங்கே, எப்போது வாழ்ந்தது என்பதற்கு ஆவணம் கிடைத்துவிட்டது!

அமெரிக்க உயிரியலாளர் பிளேர் ஹெட்ஜஸ் இப்படி 3,000-க்கும் மேற்பட்ட ஓட்டைகளை அளந்து 2012-ல் வெளியிட்டார். வட ஐரோப்பிய அச்சுகளில் சராசரி சுமார் 1.4 மில்லிமீட்டர், தெற்கே சுமார் 2.3. இரண்டும் வெவ்வேறு வண்டினங்கள். பல நூற்றாண்டுகளாக ஒன்றின் எல்லைக்குள் மற்றது நுழையவில்லை. இன்று இரண்டும் கலந்து பரவிக் கிடப்பதால், உயிரோடிருக்கும் வண்டுகளை மட்டும் வைத்து அந்தப் பழைய எல்லைக்கோட்டைப் பிடித்திருக்க முடியாது.

பழைய படங்களையும் ஓர் அளவுகோலையும் வைத்து நடந்த ஆராய்ச்சி இது. “இதனால் நாட்டுக்கு என்ன பயன்?” என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பத்தில் இதற்கு என்ன எழுதுவது? இப்படிப்பட்ட கிறுக்குக் கேள்விகளுக்கென்று சிறு தொகையாவது ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

வாசகருக்கு ஒன்று. அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் இத்தகைய படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தாள் முழுசாக இருக்க, அடுத்தடுத்த இரண்டு மூன்று கோடுகள் வட்டமாக அறுபட்டிருந்தால் அது கட்டையில் விழுந்த ஓட்டையாக இருக்கலாம். அதே கட்டையின் வேறொரு படியிலும் அதே இடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாளே துளைபட்டிருந்தால் அது தாளைத் துளைத்த பூச்சியின் வேலை. கோடில்லாத வெள்ளைப் பகுதியில் தேட வேண்டாம். அங்கே கட்டையில் எத்தனை ஓட்டை இருந்தாலும் தாளில் விழாது.