அ கப்பெல்லா: மேலங்கியில் பிறந்த இசைச்சொல்

இசைக்கருவிகளின் துணையின்றிச் சேர்ந்திசைக் குழு பாடுவதை 'அ கப்பெல்லா' என்கிறோம். ஆனால் இத்தாலிய மொழியில் அதற்குச் 'சிற்றாலய முறைப்படி' என்பதுதான் பொருள். கருவிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 'கப்பெல்லா', பிற்கால இலத்தீனில் மேலங்கியைக் குறித்த 'கப்பா' என்பதன் குறுமை வடிவம். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் படைவீரராக இருந்த புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய இரவலர் ஒருவருக்குத் தம் மேலங்கியை வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அவருடையதாகக் கருதப்பட்ட அங்கியைப் பிராங்கிய அரசர்கள் போற்றிக் காத்தனர். அது வைக்கப்பட்ட இடத்துக்கு வந்த பெயர், பின்னர்ச் சிற்றாலயங்கள் அனைத்துக்கும், அங்குப் பாடிய குழுக்களுக்கும் பரவியது.

17ஆம் நூற்றாண்டில், கருவியிசைக்குத் தனியிடம் தந்த புதிய பாணியிலிருந்து பழைய பலகுரல் பாணியைப் பிரித்துக் காட்டவே இத்தொடர் பயன்பட்டது. அந்தப் பழைய பாணியிலும் கருவிகள் குரல்களின் இசையை அப்படியே உடன் வாசிப்பதுண்டு. ஆர்கன்கூட இல்லாமல் பாடிய வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவை 19ஆம் நூற்றாண்டினர் இலட்சியமாகக் கொண்ட பிறகே இன்றைய பொருள் உறுதிப்பட்டது.

கருவியின்றிப் பாடுவதில் இயற்பியல் சார்ந்த ஒரு நன்மையும் இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்தாயி 12 சமமான அரைச்சுரங்களாகப் பிரிக்கப்படுவதால், 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நான்கு அரைச்சுரங்கள் மேலுள்ள பெரிய மூன்றாம் சுரம் ஏறத்தாழ 554.4 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இயல்பான 5:4 விகிதப்படி அது 550 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். ஓர் ஒலியுடன் அதன் அதிர்வெண்ணின் முழு மடங்குகளான மேற்சுரங்களும் மெலிதாக ஒலிக்கும். முதல் ஒலியின் ஐந்து மடங்கான மேற்சுரம் 2200 ஹெர்ட்ஸ். பியானோவின் மூன்றாம் சுரத்தினுடைய நான்கு மடங்கான மேற்சுரமோ ஏறத்தாழ 2217.5 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் மோதும்போது நொடிக்குப் பதினேழு முறைக்கு மேல் ஒலி ஏறியிறங்கும் அதிர்வு பிறக்கிறது. குரலுக்கு நிலையான கட்டைகள் இல்லை. பாடுவோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே சுருதியைச் சற்று இறக்கி, அந்த அதிர்வை அடக்கிவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. தூய விகிதங்களை விடாப்பிடியாகக் காத்துச் சில சுர இணைவுகளின் வழியே சுற்றிவந்தால், பாடல் தொடங்கிய சுருதிக்கே திரும்புவதில்லை. இத்தாலியக் கணிதவியலாளர் ஜியோவான்னி பத்திஸ்தா பெனெதெத்தி, இசையமைப்பாளர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் இதை எடுத்துக்காட்டுடன் விளக்கினார். அவை 1585இல் அச்சேறின. அவர் காட்டிய சிறு இசைத்துண்டு ஒன்றில், ஒவ்வொரு சுற்றிலும் சுருதி 81:80 என்ற விகிதத்தில் உயர்கிறது. ஐந்து முறை பாடினால் குழு ஓர் அரைச்சுரத்துக்கும் சற்று மேலே போய் நிற்கும்.