வைரஸுக்குத் தமிழ் தொற்றுநிரல், நச்சுநிரல் வேறு

'கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற நச்சுநிரல் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவியது. ஆகவே அறிமுகமில்லாத மின்னஞ்சல்களைத் திறக்காதீர்கள்.' 2017 மே மாதத்திலிருந்து இந்தக் கருத்தைச் சொல் மாற்றிச் சொல் மாற்றிப் பல தமிழ்க் கட்டுரைகளில் படித்துவிட்டேன். கணினிப் பாதுகாப்பு பற்றி யார் எழுதினாலும் இது எங்காவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதில் இரண்டு பிழைகள் உண்டு. வன்னாக்ரை மின்னஞ்சலை நம்பிப் பரவியதே இல்லை. அது நச்சுநிரல் என்ற சொல்லால் இவர்கள் குறிக்க நினைக்கும் வைரஸும் இல்லை. வைரஸ் வகை என்று முடிவு செய்துவிட்டதால், யாரோ எதையோ திறந்துதான் அது பரவியிருக்க வேண்டும் என்று எழுதுகிறவர் எண்ணிவிடுகிறார். ஒரு பிழை இன்னொன்றைப் பெற்றிருக்கிறது. எனவே முதலில் சொல்லைப் பார்ப்போம்.

வைரஸ் லத்தீன் சொல். நஞ்சு, பிசுபிசுப்பான கசிவு என்பவை அதன் பழைய பொருள்கள். வடமொழியின் 'விஷ' அதற்கு உறவு. 1892-ல் ருஷ்ய அறிஞர் திமித்ரி இவானோவ்ஸ்கி, புகையிலையின் தேமல் நோய்ச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து நோயை உண்டாக்குவதைக் கண்டார். 1898-ல் டச்சு அறிஞர் மார்ட்டினஸ் பெயரிங்க் அந்த நோய்க்காரணியை வைரஸ் என்றார். கணினிக்கு இந்தப் பெயர் வந்தது 1983-ல். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோஹென் என்ற மாணவர், தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றைச் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியனார்ட் ஏடில்மன். ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் பெயரிலுள்ள 'ஏ' இவர்தான். 1984-ல் கோஹென் ஒரு கட்டுரையில் தந்த வரையறை இது: பிற நிரல்களைத் திருத்தி, அவற்றுக்குள் தன் படியை நுழைத்து, அவற்றைத் தொற்றக்கூடிய நிரல் வைரஸ். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது நச்சுநிரலுக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் எளிது. லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, கணினி புரோகிராமுக்குத் தமிழ் நிரல், இரண்டையும் சேர்த்தால் நச்சுநிரல். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நிரல் என்ற பாதியில் எனக்குக் குறையே இல்லை. வரிசை, ஒழுங்கு என்ற பொருளில் நிரல்நிறை என்று இலக்கணத்தில் வழங்கிய பழஞ்சொல்லைக் கட்டளைகளின் வரிசைக்குக் கொடுத்தவர் நல்ல காது உள்ளவர். குறை நச்சு என்ற பாதியில்தான்.

ஏடில்மன் அந்தப் பெயரை லத்தீன் அகராதியிலிருந்து எடுக்கவில்லை, உயிரியலிலிருந்து எடுத்தார். பெயரிங்க் கையில் வந்தபோதே அந்தச் சொல்லின் நஞ்சுப் பொருள் பின்னால் போய், ஓர் உயிரணுவுக்குள் புகுந்து அதைக் கொண்டே பெருகுவது என்ற பொருள் முன்னால் வரத் தொடங்கிவிட்டது. கணினிக்காரர்களுக்குப் பிடித்தது இந்தப் பெருக்கம்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வேர்ப்பொருளைத் தோண்டி எடுத்து, அதுவே இன்றைய பொருள் என்று வைத்து மொழிபெயர்ப்பது பிழையான வழி. கணிதத்தின் கால்குலஸ் லத்தீனில் சிறு கூழாங்கல். அதற்காக அதைக் கூழாங்கல் கணிதம் என்று யாரும் எழுதுவதில்லை, நுண்கணிதம் என்கிறோம்.

அடுத்தது, நஞ்சு பரவாது. நடுவூரில் பழுத்த நச்சு மரத்தைக் குறள் சொல்கிறது. அந்த மரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். பழத்தைத் தின்றவனுக்குக் கேடு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவனிடமிருந்து எதுவும் வந்து சேராது. நஞ்சுண்டவன் சாவான், நஞ்சு இன்னொருவனுக்குத் தாவாது. வைரஸின் உயிர்நாடியோ ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதுதான். அந்த உயிர்நாடியை விட்டுவிட்டு உருவான பெயர் நச்சுநிரல்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. வைரஸ் தீங்கு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கோஹெனின் வரையறையை மறுபடி படியுங்கள், தீமை பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. நிரல்களைச் சுருக்கி வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் வைரஸ் ஒன்றை அதே கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாக விவரிக்கிறார். 1982-ல் அமெரிக்காவில் ரிச் ஸ்கிரென்டா என்ற பள்ளி மாணவர் எழுதிய எல்க் குளோனர், ஆப்பிள் 2 கணினிகளில் பிளாப்பி என்ற பழைய நெகிழ்வட்டு வழியாகப் பரவியது. அது செய்ததெல்லாம், ஐம்பதாவது முறை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு சிறு பாட்டைக் காட்டியதுதான். 1986-ல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன், பிளாப்பியின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு கைக்குக் கை மாறி நாடு கடந்தது. அதற்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். இவற்றை நஞ்சு என்று எப்படிச் சொல்வது? மறுபக்கம், வைரஸாக இல்லாத எத்தனையோ நிரல்கள் கொடிய நஞ்சு. விசை தட்டுவதை ஒளிந்திருந்து பதிவு செய்து கடவுச்சொல்லைத் திருடும் நிரல் தன்னைப் படியெடுப்பதே இல்லை. நச்சுநிரல் என்ற வலையில் வைரஸில் சில நழுவிப் போகின்றன, வைரஸ் அல்லாதவை வந்து சிக்குகின்றன.

சரி, கணினிக் கிருமி என்று சொல்லலாமே என்கிறார்கள் சிலர். இது இன்னும் மோசம். கிருமி வடமொழியில் புழு. தமிழிலும் நெடுங்காலம் அதே பொருள்தான். வைணவ மரபு ஒரு சோழ மன்னனைக் கிருமிகண்ட சோழன் என்று சொல்வது, அவன் கழுத்தில் புழு வைத்ததாகக் கதை இருப்பதால். நுண்ணுயிர் என்ற பொருள் பின்னால் வந்தது. கணினி உலகில் வைரஸ், யாரும் எதையும் திறக்காமலே தானாகப் பரவும் புழு என்று இரண்டு தனி இனங்கள் இருக்கும்போது, முதல் இனத்துக்கு இரண்டாவதன் பெயரையே வேறு மொழியில் வைப்பது குழப்பத்துக்கு வழி. நச்சுயிரி மருத்துவத்தில் ஏற்கக்கூடிய சொல், தீநுண்மியும் அப்படியே. கணினியில் உயிர் ஏது? 'கணினி நச்சுயிரி' என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

என் சொல் தொற்றுநிரல். தொற்றுதல் என்ற வினைக்கு இரண்டு பொருள் உண்டு, இரண்டும் இங்கே வேண்டும். நோய் தொற்றுவது ஒன்று. கூட்டமான பேருந்தின் படியில் ஒருவர் தொற்றிக்கொண்டு போவது இன்னொன்று. வைரஸ் தனியாக நகராது. இன்னொரு நிரலிலோ ஆவணத்திலோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ தொற்றிக்கொள்கிறது. அந்த ஆவணத்தை யாராவது திறந்து, அந்த நிரலை யாராவது இயக்கினால்தான் அது விழித்துக்கொண்டு அடுத்ததில் தொற்றும். பேச்சு வழக்கில் தொத்து வியாதி, தொத்திக்கிச்சு என்று சொல்லாத வீடு இல்லை. ஆக, வேரும் நம்முடையது, பொருளும் கச்சிதம், எழுத்தறியாதவருக்கும் புரியும். இவ்வளவு தகுதியோடு ஒரு சொல் வீட்டு முற்றத்தில் கிடக்கும்போது லத்தீன் அகராதிக்கு ஏன் போக வேண்டும்?

புழுவுக்கு எனக்கு எதிர்ப்பு இல்லை. கணினிப் புழு என்று ஏற்கனவே வழங்குகிறது, நான் புழுநிரல் என்று எழுதுகிறேன். 1975-ல் வந்த ஓர் ஆங்கில அறிவியல் புனைகதையில் வலையமைப்புக்குள் ஊர்ந்து திரியும் நிரலுக்கு நாடாப்புழு என்று பெயர். அதிலிருந்து எடுத்து, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் ஷோச்சும் ஜான் ஹப்பும் தங்கள் நிரல்களுக்குப் புழு என்று பெயரிட்டார்கள், 1982-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப்பிடித்து வேலை வாங்குவதற்காக எழுதிய நல்ல புழு அது. ஒரு நாள் இரவு அதன் ஒரு பகுதி சிதைந்து, காலையில் வந்து பார்த்தால் ஆய்வகத்தின் கணினிகள் வரிசையாக முடங்கிக் கிடந்தன.

தொற்றுநிரலுக்கும் புழுநிரலுக்கும் உள்ள வேறுபாட்டை 1988 நவம்பர் 2 உலகத்துக்குக் காட்டியது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தின் கணினி ஒன்றிலிருந்து விட்ட நிரல், யாரும் எதையும் திறக்காமலேயே கணினிக்குக் கணினி போனது. அஞ்சல் நிரலில் விட்டுவைத்த ஒரு வழி, பயனர் விவரம் சொல்லும் நிரலில் இருந்த ஓர் ஓட்டை, கணினிகள் ஒன்றையொன்று நம்பும் ஏற்பாடு, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் எனப் பல வாசல்களை அது தட்டியது. ஏற்கனவே தன் படி இருக்கிறதா என்று கேட்கவும் செய்தது. ஆனால் இருக்கிறது என்று பதில் வந்தாலும் ஏழில் ஒரு முறை புகுந்தே தீரும்படி எழுதியிருந்தார். அதனால் ஒரே கணினியில் படிகள் குவிந்து கணினி மூச்சுமுட்டியது. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள், பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது அப்போதைய மதிப்பீடு.

இதற்கு என்ன பெயர் என்று ஆங்கிலத்திலேயே சண்டை நடந்தது. எம்ஐடியில் அதைப் பிரித்து ஆராய்ந்த ஐக்கினும் ராக்லிஸும் வைரஸ் என்று எழுதினார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்பாஃபோர்ட் புழு என்றார். 1989 டிசம்பரில் இணைய ஆவண வரிசையில் வெளிவந்த அறிக்கை ஒன்று, குடற்புழு நோய்க்கான மருத்துவப் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டு புழுவின் பக்கம் நின்றது. தங்கள் சொற்களை இவ்வளவு கவலையோடு அவர்கள் எடைபோட்டிருக்கிறார்கள். நாம் இரண்டையும் ஒரே பையில் போட்டு நச்சுநிரல் என்று முடிச்சுப் போடுகிறோம்.

வேறுபாடு வெறும் பெயரில் இல்லை, வேகத்திலும் இருக்கிறது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் மொத்தம் 376 பைட். பதிலுக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் யூடிபி முறையின் ஒரே ஒரு பொட்டலத்துக்குள் அடங்கிவிடும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் புகும், புகுந்ததும் குருட்டாம்போக்கில் முகவரிகளை உருவாக்கி எல்லாவற்றுக்கும் தன்னை அனுப்பும். பதில் வருகிறதா என்று காத்திருக்காது. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒரு முறை இரட்டிப்பானது, பத்து நிமிடத்துக்குள் அந்த ஓட்டை இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குள் போய்விட்டது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது என்பது வேதனை. மனிதர் திறந்து, மனிதர் அனுப்பிப் பரவும் எதுவும் இந்த வேகத்தை நெருங்க முடியாது.

வன்னாக்ரையும் இந்த இனம்தான். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டையில் புகுந்து, உள் வலையமைப்பிலும் வெளியே இணையத்திலும் 445 என்ற போர்ட் (வலைத்தொடர்புக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கும் கணினிகளைத் தானே தேடியது. இதற்கும் பேட்ச் 2017 மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. மே 12 அன்று பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போனபோது, ஊழியர்கள் கெட்ட மின்னஞ்சலைத் திறந்துவிட்டார்கள் என்று அவர்கள் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை. பேட்ச் போடாமல் விட்டதும் போர்ட்டைத் திறந்து வைத்ததும்தான் அங்கே கேள்வி. புழுநிரல் என்று எழுதியிருந்தால், படிப்பவர் எப்படி ஊர்ந்தது, எந்தத் துளை வழியாக என்று கேட்டிருப்பார். நச்சுநிரல் என்றதும் யார் விழுங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டும் கலந்தவை உண்டே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். 1999-ல் வந்த மெலிசா, வேர்ட் ஆவணத்தில் தொற்றிக்கொள்ளும், பிறகு முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்கு மின்னஞ்சலில் தன்னை அனுப்பும். வலையமைப்பைப் பயன்படுத்துவதாலேயே அதைப் புழு என்பது சரியில்லை. பெறுபவர் ஆவணத்தைத் திறக்காவிட்டால் அது செத்த கோப்பு. நான் அதைத் தொற்றுநிரல் என்றே எழுதுவேன். வலை வழியாகப் போகிறதா என்பதைவிட, யாருடைய கையும் படாமல் போகிறதா என்று பார்த்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். சொல்லை மொழிபெயர்க்கிறார்கள், அது குறிக்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. தூய தமிழ் வேண்டும் என்பதில் நான் யாருக்கும் பின்தங்கியவன் இல்லை. ஆனால் பொருள் பிசகிய தமிழ்ச் சொல்லைவிட வைரஸ் என்று அப்படியே எழுதுவது மேல். இலங்கையில் வைரசு என்று எழுதுவதும் எனக்கு உவப்பே. அப்புறம் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். 'கணினி பாதிக்கப்பட்டது' என்று எல்லாவற்றையும் ஒரே வினையில் முடிக்கிறார்கள். தொற்றுநிரல் கோப்பைத் தொற்றியது, புழுநிரல் கணினிக்குள் புகுந்தது என்று எழுதினால் வாக்கியமே பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.

நச்சுநிரலை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்ட நிரல் எதுவானாலும் அதற்குப் பொதுப்பெயராக அது நன்றாகவே பொருந்தும். தீநிரல், தீம்பொருள் என்றும் அதற்குச் சொற்கள் வழங்குகின்றன. இன்றைய ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் தொற்றுநிரல், புழுநிரல், கடவுச்சொல் திருடி என எல்லாவற்றையும் தேடுவதால், அவற்றை நச்சுநிரல் தடுப்பான் என்று சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம்.